ரப்பர் புஷ்ஷும் மாப்பிள்ளை அழைப்பும்

ஆரணி

அன்பு மகன் தென்னரசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முரண்டு பிடிக்கிறது. நீ நகோயாவில் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சோறு சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். உன் சித்தப்பா ஜீவானந்தம் இதற்குள் உன்னைக் கூப்பிட்டு, தன் மகள் தமிழ்ச்செல்வியின் மாப்பிள்ளை அழைப்பன்று ஆடு குறுக்கே வந்ததால் நம் அம்பாசிடர் வாய்க்காலில் இறங்கிவிட்டது என்று சொல்லியிருப்பார். ஆடும் வரவில்லை, மாடும் வரவில்லை. நடந்ததை நான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் டக் டக் என்று அடித்தது, பிரேக் போட்டால் இடது பக்கம் இழுத்தது. அதைச் சொன்னதற்குச் சித்தப்பா, "பொம்பள ஓட்டினா வண்டி அப்டித்தான் இழுக்கும் அண்ணி" என்று பல்லைக் காட்டினார். நர்ஸ் வேலைக்கு ஊர் ஊராக இதே வண்டியை ஓட்டிப் போனவள் நான், அந்த மகான் லைசென்ஸ் எடுத்ததே போன வருடம். மெக்கானிக் அருள்பிரகாஷ் கம்பியால் நெம்பிப் பார்த்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் மோதாமலிருக்க ரப்பர் புஷ் இருக்கிறதே, அது ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. மாற்றாமல் வெளியூர் எடுக்காதீர்கள் என்றார். "எம் பொண்ணு கல்யாணத்துக்குத்தானே, நானே பாத்துக்கிறேன்" என்று சித்தப்பா வண்டியைச் செய்யாருக்கு ஓட்டிப் போனார். திரும்பி வந்த வண்டியைப் பார்க்க வேண்டுமே! சந்தன நிறத்தில் பெயிண்ட், ஊரைக் கூட்டுகிற ஹாரன், சீட்டுக்கு மாங்காய்க்கரை போட்ட பட்டு உறை. புஷ் மாற்றினாயா என்றால், "உள்ள கீறத எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? சும்மா பேஜார் பண்ணாதீங்க அண்ணி" என்கிறார். உன் அப்பா வழக்கம்போல் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அந்தப் பட்டு மெத்தையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணிக்குப் பொறாமை என்று ஊரெல்லாம் பேச்சு.

அன்று சாயந்திரம் சேத்துப்பட்டிலிருந்து மாப்பிள்ளை ரஞ்சித்குமாரை ஏற்றிக்கொண்டு சித்தப்பாவே ஹாரன் அடித்துகினு முன்னால் போனார். மாப்பிள்ளை வீட்டாரோடு நாங்கள் பின்னால் வேனில். ஒரு வளைவில் பிரேக் போட்டார், அவ்வளவுதான், வண்டி இடது பக்கம் இழுத்து வாய்க்காலுக்குள் தலையைக் கொடுத்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு உதடு கிழிந்து பட்டுச்சட்டையெல்லாம் ரத்தம், சேறு. உடனே மாப்பிள்ளையின் அத்தை விருத்தாம்பாள் ஆரம்பித்தாள்: "பொண்ணு ராசி வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, திருப்புங்க வேன." மாப்பிள்ளையின் அப்பாவும் யோசிக்கத் தொடங்கினார். பெற்ற மகளை நடுரோட்டில் இப்படிப் பேசுகிறார்கள், உன் சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? "ஆடு... ஒரு ஆடு..." என்று முனகிக்கொண்டு வேட்டியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். மனுஷனா அவர்! புடவையைச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, "இந்தச் சக்கரத்தப் புடிச்சு ஆட்டுங்க" என்றேன். ஆட்டினார். டக் டக்கென்று ஆடியது. "இது பொண்ணோட ராசி இல்லீங்க, செத்துப்போன ரப்பரு. மாத்தச் சொன்னோம், மாத்தல. எல்லார் முன்னாடியும் சொல்லு ஜீவா, மாத்துனியா?" என்றேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இல்ல அண்ணி" என்றார். மாப்பிள்ளை கிழிந்த உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே, "ரப்பருக்கெல்லாம் கல்யாணத்த நிறுத்துவாங்களா அத்த? ஏறுங்க, பசிக்குது" என்று வேனில் ஏறிவிட்டான். அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் மண்டையில் ஏதோ இருந்தது. மறுநாள் தாலி ஏறியது.

பிறகு அருள்பிரகாஷிடம் புது புஷ் போட்டோம். அங்கேயும் வந்து நின்றார் சித்தப்பா, வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டை இறுக்கி ஜல்தியாக முடிக்கச் சொல்லி. தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும் என்று எத்தனை பேர் சொன்னாலும் அந்தக் காதில் ஏறாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார்கள். சாவி இப்போது என்னிடம்.

போன ஞாயிறு பெண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைத்துவர நானே போனேன். வரும் வழியில் தமிழ்ச்செல்வி, "பெரியம்மா, நான் ஓட்டட்டா?" என்றாள். கொடுத்தேன். பள்ளம் மேட்டிலெல்லாம் ஒரு சத்தமில்லாமல், நூல் பிடித்த மாதிரி ஓட்டினாள், பின்சீட்டில் மாப்பிள்ளை தூங்கிவிட்டான். வாசலில் காத்திருந்த சித்தப்பா ஓடிவந்து, உள்ளே பார்க்காமலே டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, "பாத்து இறங்குங்க அண்ணி" என்றார். ஓட்டியவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நான்தான்பா" என்றாள்.

அங்கே நீ வாங்கிய பழைய காரையும் குனிந்து அடியில் பார், கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டிருக்காதே. பாஸ்போர்ட் தேதி முடியப்போகிறது, இந்த மாதமே புதுப்பித்துவிடு. நீ நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலைகுனியாமல் வாழ அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
து. கமலம்