வட்டம் வளராது

திங்கள்

காலையிலேயே கொளுத்துகிறது. பஸ்ஸில் நிற்க இடமில்லை.

டாக்டரின் ஞாயிற்றுக்கிழமை உரைக்கு அழைப்பிதழ். ‘சிவப்பு ஒளி சிகிச்சையால் விழித்திரை ரத்தக்குழாய்கள் விரிகின்றன.’ கண் படங்களை அளக்கும் புரோகிராம் எழுதியது நான். கீழே இரண்டே பெயர்: டாக்டர், டாக்டர் மகன். அவன் ஒரு படத்தைக்கூட அளந்ததில்லை. கேட்டேன். “நீ ஸ்டாஃப்தானம்மா” என்றார்.

வாங்க: பால், அம்மாவின் பிரஷர் மாத்திரை.

செவ்வாய்

ஆத்திரத்தில் எல்லாப் படத்தையும் மறுபடி திறந்தேன். சிக்கியது. ஒளிக்குப் பிந்தைய படங்களில் குழாய் மட்டுமல்ல, நரம்பு நுழையும் வெளிர் வட்டமும் அதே அளவு பெருத்திருக்கிறது. எந்த ஒளிக்கும் அந்த வட்டம் வளராது. ஜூம் மாறியிருக்கிறது.

கேமராவைப் போய்ப் பார்த்தேன். ஜூம் நகராமல் நான் ஒட்டிய பிளாஸ்திரி இல்லை. “சின்ன டாக்டர்தாங்க பிச்சாரு, படம் பெருசா வேணும்னு” என்றாள் படம் எடுக்கும் சுமதி.

இப்போது சொல்ல மாட்டேன். ஞாயிறு, சபை நிறைந்தபின், ஒரே கேள்வி. அப்பன் மகன் மானம் கப்பலேறட்டும். மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது.

புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ். ஃபாதர் பிரசங்கம் மன்னிப்பு பற்றி. தவக்காலத்துக்குக் கறியை விடுகிறேன். இதை விட மாட்டேன்.

வெள்ளி

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் வந்தார். சர்க்கரை நோய். வலது கண் படத்தில் புதுக் கசிவு. “ஊசி வேண்டாம், லைட்டே போதும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க சாமி. ஊட்டுக்குப் போறனுங்க” என்றார்.

கண்ணில் ஊசி இன்றே போட வேண்டும். தள்ளினால் போன பார்வை திரும்பாது. ஆனால் வாயைத் திறந்தால் என் கேள்வி போய்விடும்.

படிக்கட்டில் ஓடிப்போய் நிறுத்தினேன். ஒளியால் ஒன்றும் ஆகவில்லை, அளவுதான் தப்பு, ஊசியை விடாதீர்கள் என்றேன். மனுஷன் நேராக டாக்டர் அறைக்கே போய் நான் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டார்.

போச்சு. பாத்ரூமில் அழுதேன். அவருக்காக அல்ல.

சனி

வெயில். டாக்டர் போன். குரலில் தேன். பண்ணைக்காரருக்கு நேற்றே ஊசி போட்டாயிற்றாம். நாளைக்குள் எல்லாப் படத்தையும் வட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து தர வேண்டுமாம். உரையின் கடைசியில் எனக்கு நன்றி போடுவாராம்.

“சின்ன டாக்டர் அளந்ததுதானுங்களே சார். அவரையே கேளுங்க” என்று வைத்துவிட்டேன்.

புரோகிராமைத் திறக்கக்கூட அவனுக்குத் தெரியாது. போன் மறுபடி அடிக்கிறது. மறுபடியும்.

பால் வாங்கப் போகிறேன். போன் வீட்டிலேயே கிடக்கட்டும்.