அம்மா பெயருக்கு நான் சொன்ன பதில்

உத்தமபாளையம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ரெஹானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்கள் கவலை, மோர் குடிக்கிறாயா? லோயர் கேம்ப்பில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாற்றங்காலில் விதை பாவியாச்சு. போனில் சொன்னால் நீ சிரித்தே கெடுத்துவிடுவாய் என்று இதை எழுதுகிறேன்.

நம் வயல் அம்மாவுக்குத் தாய்வீட்டில் வந்தது, பட்டாவும் அவள் பெயரில்தான். வாய்க்கால் சங்கக் கூட்டத்தில் "அம்சத் பீவி" என்று வாசிப்பார்கள், நான் எழுந்து "இருக்கேன்" என்பேன். "சொர்ணலதா" என்றால் அவள் புருஷன் ஒச்சாண்டி எழுந்திருப்பார். பதினெட்டு வருடமாக ஒருவரும் சிரித்ததில்லை, தாடி வைத்த அம்சத் பீவியைப் பார்த்து! இந்தத் தடவை சங்கத் தேர்தல், புதிதாக வந்த அதிகாரி, பட்டாவில் பெயர் உள்ளவர் நேரில் வந்தால்தான் ஓட்டு என்று சொல்லிவிட்டார். பட்டியலை வாங்கிப் பார்த்தேன், அறுபத்து மூன்று பேரில் இருபத்து நாலு பேர் பெண்கள். இத்தனை பேரில் ஒருவரைக்கூட அங்கே பார்த்ததில்லையே, அது எப்படி எனக்கு உறைக்காமல் போனது என்று எனக்கே ஆச்சரியம்.

வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் வயல் வைத்திருக்கும் மொக்கம்மாளை உனக்குத் தெரியும், புருஷன் போனபின் தனியாகப் பாடுபடுகிறவள். இரண்டு போகமாக நெல் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் எட்டாமல் அவள் பயிர் காய்ந்துவிட்டது, இந்தப் போகமும் போனால் வயலை விற்பதைத் தவிர வழியில்லை. சங்கத்தில் கடைமடைப் பிரதிநிதியாகத் தானே நிற்கப்போவதாக வீட்டுக்கு வந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளோ, "ஒங்ககிட்ட இல்ல பாய், அக்காகிட்டத்தேன் கேக்க வந்தேன், அவுகதான எனக்கு வழிமொழியணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடைமடை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போடியில் கடை நடத்துகிற என் சிநேகிதர் அய்யாத்துரையும் அதே இடத்துக்கு நிற்கிறார், அவருக்கு நான் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன், என்னிடம் இல்லாத ஓட்டை.

அவள் போனதும் அம்மா கேள்விமேல் கேள்வி கேட்டாள், அங்கே எங்கே உட்காருவீர்கள், யார் முதலில் பேசுவார்கள், டீ உண்டா என்று. நானும் குஷியாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், "இத்தன வருசமா எம்பேரச் சொல்லி எதுக்கெல்லாம் கை தூக்குனீக?" என்றாள். யோசித்தேன், பாதி மறந்துவிட்டது, ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. தண்ணீர் குறைந்த வருடம், கடைமடைக்குப் போகும் மதகு ஷட்டரை இரண்டு நாள் முன்னதாக இறக்கி மூடலாம் என்றபோது நானும் கை தூக்கினேன், அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது. அம்மா சத்தம் போடவில்லை. "அப்ப மொக்கம்மா பயிரக் காயவிட்டது நானா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து அம்மாவும் மொக்கம்மாளும் பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். நான் அய்யாத்துரையிடம் போய், அந்த ஓட்டு என்னுடையது இல்லை என்று சொன்னேன், "வீட்டுல கேட்டுத்தேன் வாக்குக் குடுக்கணுமாக்கும் பாய்?" என்று கிண்டல் பண்ணினார், ஆமாம் என்றேன். சில பெண்கள், மாட்டை யார் பார்ப்பது, பிள்ளையை யார் பார்ப்பது என்று தயங்கினார்களாம். நீ வா, அதற்கு நான் ஆள் அனுப்புகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் யார் என்று நினைக்கிறாய், உன் அத்தாதான். கூட்டத்தன்று காலையில் சொர்ணலதாவின் பசுவிடம் ஓர் உதையும் வாங்கினேன்.

பத்தொன்பது பெண்கள் வந்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாத நானும் ஒச்சாண்டியும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தோம். "அம்சத் பீவி" என்று வாசித்ததும் பழக்கதோஷத்தில் நான் வெளியிலிருந்து "இருக்கேன்" என்றுவிட்டேன். ஒரே சிரிப்பு. அது அடங்கியதும் உள்ளே அம்மா, "நாந்தேன் அம்சத் பீவி, இங்கன இருக்கேன்" என்றாள். குரல் நடுங்கியது. மொக்கம்மாளை வழிமொழிந்தபோது நடுங்கவில்லை. ஆறு ஓட்டு வித்தியாசத்தில் மொக்கம்மாள் ஜெயித்துவிட்டாள், அந்த இரண்டு நாள் தண்ணீரைத் திரும்ப வாங்குகிற சண்டை இனிமேல்தான்.

எங்கள் நிக்காஹ் அன்று உன் அம்மா உள்ளே பெண்களோடு இருந்தாள், அவளிடம் சம்மதம் கேட்டு வந்து சபையில் சொன்னது அவளுடைய அத்தா. அவள் குரலை நான் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருடம் கழித்து வேப்பமரத்தடியில் நின்றுதான் தன் பெயருக்கு அவளே பதில் சொல்வதைக் கேட்டேன். கண் கலங்கிவிட்டதம்மா. ஒச்சாண்டி பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் மனநிம்மதியும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, எனக்கு எழுதும் கடிதத்தில் "அம்மாவுக்கும் சலாம்" என்று கடைசி வரியில் வைக்கிறாயே, அதை விட்டுவிட்டு அவளுக்குத் தனியாக எழுது. கவரின் மேல் அம்சத் பீவி என்று பெயர் போடு. நான் பிரிக்க மாட்டேன்.

துஆவுடன்,
உன் அத்தா
உமர் பாருக்