நுஸைபா போட்ட பாட்டு

அன்பு ராபியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முட்டிவலி குறைந்ததா? துபாயில் நான் நலம். போனில் சொன்னால் மகள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தபோது நுஸைபாதான் போனை எடுத்தாள். பின்னால் நம் கல்யாணக் காலத்துச் சினிமாப் பாட்டு ஓடியது.

"யாரு பாட்டுப் போட்டது?"

"நான்தான் அத்தா. இப்ப வர்ற பாட்டெல்லாம் மனசுல நிக்கமாட்டேங்குது. ஒங்களுக்கும் இது புடிக்குமா?"

பதினாறு வயதுப் பிள்ளை! 'சாப்பிட்டியா, படிச்சியா' என்பதைத் தாண்டி அவளிடம் என்ன பேசுவதென்று இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்ததில்லை. அன்று நெடுநேரம் பேசினோம். நான் மறந்துபோன வரிகளை அவள் பாடிக் காட்டினாள்.

லீவில் நம் கோட்டைப்பட்டினம் வரும் என் அறைத்தோழன் சல்மானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அவள் என்னோடு பேசும்போது போனை உடனே வாங்கிவிடாதே.

உன் ஜைனுதீன்