ரவோவின் வாயில் என் கஸ்தி

நவ்சாரி,
பெஹ்ராம் ரோஜ்

என் செல்ல டிக்ரி ஆர்னவாஸுக்கு,

தாதார் அஹுராமஸ்தாவின் கருணையால் நானும் உன் பப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று காலை அகியாரித் தீக்கோயிலில் சந்தனக்கட்டை கொடுத்துவிட்டு வந்தேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர ஆறு நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், மம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துவிடாதே. அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கும் நாய்க்குட்டி வருகிறது என்று எழுதியிருந்தாய். அது வாசற்படி ஏறுவதற்குள் இதை முழுசாகப் படித்துவிடு.

நம் நாய்க்குட்டி ரவோவுக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. அவன் வந்த அன்று நான் ரவையும் பாலும் சர்க்கரையும் போட்டு ரவோ கிண்டிக்கொண்டிருந்தேன், அதே பால் நிறம், பப்பா அதையே பெயராக வைத்துவிட்டார். பால் பல் ஆடுகிற வயது, கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். பப்பா ஒரு பழைய துவாலையைக் கிழித்துச் சடை போலப் பின்னி வைத்திருக்கிறார், தினமும் முட்டை அகூரியும் ரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும் அவனோடு இழுபறி. விளையாட்டு ஆரம்பம் என்பதற்கு அடையாளமாகத் துவாலையைக் காற்றில் ஒரு சொடுக்குச் சொடுக்குவார், அவன் பாய்ந்து கவ்வி உறுமுவான், இவரும் பதிலுக்கு உறுமுவார், அறுபத்தெட்டு வயது மனிதர். நான் சமையலறையிலிருந்து "விடு" என்று ஒரு குரல் கொடுத்தால் அவன் உடனே வாயைத் திறந்துவிடுவான். அந்தச் சொல்லைப் பழக்கியது நான்தான், பிஸ்கட் துண்டைக் காட்டிக் காட்டி, பத்தே நாளில். "இந்த வீட்ல என் பேச்சைக் கேக்காத ரெண்டு பேர்ல ஒருத்தனாவது திருந்துனான்" என்று பப்பாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அந்தப் பெருமைக்குத்தான் எனக்கு இப்படிக் கிடைத்தது.

போன கோஷ் ரோஜ் அன்று, வாயில்லா ஜீவன்களுக்கு உரிய அந்த நாளிலா இது நடக்க வேண்டும்! குளித்துவிட்டு விளக்கின் முன்னால் நின்று இடுப்பிலிருந்து கஸ்தியை அவிழ்த்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். தீயவனை விரட்டும் சொல் வந்ததும் வழக்கம்போல நூலைச் சொடுக்கினேன். ஐம்பத்தைந்து வருஷமாகச் சொடுக்குகிறேன், அது உன் பப்பாவின் துவாலைச் சொடுக்குப் போலவே இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே! பின்னாலிருந்து ரவோ பாய்ந்து வந்து ஒரு நுனியைக் கவ்விவிட்டான். எழுபத்திரண்டு இழை கொண்ட புனித நூல், ஒரு நுனி என் கையில், மறு நுனி நாயின் வாயில்! ஜெபத்தின் நடுவில் வேறு பேச்சுப் பேசினால் ஜெபம் முறிந்துவிடும் என்று உனக்குத் தெரியும். அவசரத்துக்கு உதட்டை மூடிக்கொண்டு முனகுவோமே, அப்படித்தான் "ம்ம்! ம்ம்ம்!" என்று அதட்டினேன். அவன் காதுக்கு அது பப்பாவின் உறுமல், வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தான். நானும் இழுத்தேன். நூல் தரையில் புரள்கிறதே என்ற பதைப்பில் கையை மேலே தூக்கிவிட்டேன், ஆர்னவாஸ், அவன் கால் நாலும் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் அரைச் சுற்றுச் சுற்றினான். அப்புறம் ஒரு அலறல். கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. வெள்ளைக் கம்பளி நூலில் ரத்தம், அதிலே ஒரு குட்டிப் பல் குத்திக்கொண்டு நின்றது.

பப்பா ஓடி வந்து அவனை வாரி எடுத்தார், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. நான் அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன் என்பதை எப்படி எழுதுவேன். "ஏன் கெர்பானு, விடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். ஜெபத்தில் இருந்தேன் என்று கையைக் காட்டினேன். "அடி பைத்தியமே, ஜெபத்தை முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். இவன் கழுத்தை முதல்லேருந்து ஆரம்பிக்க முடியுமா?" என்றார். முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நாயை அடித்தவருக்கு மன்னிப்பே இல்லை என்று நம் மறைநூலில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தவள், மறுமைப் பாலத்தில் காவல் நிற்கும் நாய்கள் என்னைக் கண்டால் என்ன செய்யும்? அப்போதும் பழக்கம் போகவில்லை, கஸ்தியின் குஞ்சங்களை எண்ணினேன். நுனிக்கு மூன்றாக ஆறு இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தது.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் ஸோலங்கி வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஆன்ட்டி, பல்லுக்காக அழாதீங்க, பால் பல்லு, ரெண்டு நாள்ல தானா விழுந்திருக்கும். கழுத்துல சுளுக்குதான், ஆனா இன்னும் ஒரு உதறு உதறியிருந்தீங்கன்னா நான் இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்" என்றார். அந்தப் பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்து பப்பாவின் கைக்குட்டையை இழுத்து இழுத்துக் காட்டினார். உனக்காகத்தான் விவரமாக எழுதுகிறேன். கயிறு எப்போதும் குட்டியின் முகத்துக்கு நேராகத் தாழ்வாக இருக்க வேண்டும், தரையை ஒட்டிப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்ட வேண்டும், மேலே தூக்கவே கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது, பலமாக இழுப்பது அவனாக இருக்கட்டும், நாம் பிடித்துக்கொண்டால் போதும். பல் விழுகிற மாதங்களில் இன்னும் மெதுவாக. அடிக்கடி அவனை ஜெயிக்க விடு. பல் நம் கையில் பட்டால் அந்த நிமிஷமே விளையாட்டை நிறுத்திவிடு. இழுபறிக்கென்று ஒரே ஒரு பொருள், முடிந்ததும் அதை எடுத்து வைத்துவிடு, நூல் பிரிந்தால் தூக்கி எறிந்துவிடு. காணாமல் போன குஞ்சத்தை ரவோ விழுங்கியிருப்பான் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "சின்னதுதான், வந்துடும். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க. பின்னால நூல் தொங்கினா மட்டும் இழுத்துடாதீங்க, குடலையே அறுத்துடும்" என்றார்.

மூன்று நாள், டிக்ரி. என் கணக்கு நோட்டில் ரவோவுக்கு ஒரு தனிப் பக்கம் போட்டேன், எத்தனை மணிக்குக் குடித்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று. ஒவ்வொரு தடவையும் குச்சியால் கிளறிப் பார்த்தேன், சிரிக்காதே. அதைவிட என்னை அறுத்தது வேறு. நாம் சாப்பிடுமுன் நாய்க்கென்று எடுத்து வைக்கும் முதல் வாய் உணவை நான் நீட்டினால் அவன் பப்பாவின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அதையே பப்பா நீட்டினால் தின்றான். மூன்றாம் நாள் மாலை, சுத்தம் அசுத்தம் என்று வாழ்நாளெல்லாம் விலகி விலகி நடந்த நான், அந்தக் குச்சியின் நுனியில் ஆறாவது குஞ்சத்தைக் கண்டதும் கைகூப்பிவிட்டேன்! முழுசாக வந்துவிட்டது. ஆறையும் பழைய கஸ்தியோடு துண்டுகளாக்கி ரோஜாத் தொட்டி மண்ணில் புதைத்தேன்.

நேற்று புதுக் கஸ்தியோடு நின்றேன். கதவைச் சாத்தியதாகத்தான் நினைப்பு, கொக்கி விழவில்லை. சொடுக்கினேன், கழுத்து இன்னும் கொஞ்சம் கோணலாகவே இருக்க, ரவோ மெல்ல வந்து நுனியைக் கவ்விக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் அசையவில்லை, கையைத் தாழ்த்தி அவன் பக்கமாகவே கொடுத்தேன், வாயைத் திறந்து, ஜெபத்தின் நடுவில், "விடு" என்றேன். விட்டான். என் கையையும் ஒரு நக்கு நக்கினான். கை கழுவி, நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அகூரியின் முன்னால் காத்திருந்த பப்பா, "என்ன, இன்னைக்கு ஆண்டவனுக்கு ரெண்டு பங்கா?" என்றார். ஆமாம் என்றேன். முதல் வாயை ரவோ என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான்.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து, மழலை நிறைந்து, நூறாண்டு வாழ ஆசி. குட்டி வந்ததும் முதலில் "விடு" பழக்கு. கஸ்தி கட்டும்போது கொக்கியைப் போடு, மறந்தால் வாயைத் திற.

உன் மம்மா,
கெர்பானு