தலைசுற்றலுக்கு நீ அனுப்பும் மாத்திரை

மசாக்கா,
ஞாயிறு காலை.

அன்பு மகள் நம்பூசிக்கு அப்பா செம்வங்கா எழுதுவது. நான் நலம். அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை. வீட்டில் இருப்பது ஒரு போன், அது எப்போதும் அவள் மடியில். அதனால் துபாய்க்குத் திரும்பும் பாதிரியார் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே நல்ல மழை. பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

போன மாதம் உன் சித்தப்பா மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எல்லாப் பெண்களையும் போல அம்மாவும் நம் வழக்கப்படி பாயில் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். மற்றப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள், இவள் எழவில்லை. "மரியாதைன்னா இதுதாம்மா மரியாதை! இந்தக் காலத்துப் பொண்ணுங்க பாத்துக் கத்துக்கணும்" என்று மாப்பிள்ளையின் மாமா சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மடையன். அவள் கண்ணில் நீர் வழிந்தபோதுதான் அவளால் எழ முடியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. சித்தப்பாவும் நானும் தூக்கி நிறுத்தினோம்.

வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு எம்மேல என்ன கோவம், சிரிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாயே. கோபமில்லை, மகளே. முகம் அவள் சொல்படி கேட்பதில்லை. கை நடுங்கி, வாழைக்காய் உரிக்கக் கத்தி பிடிக்க முடியவில்லை.

நடுக்குவாதம் என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா, இவள் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் வாங்கிப் பார்த்தார். தலைசுற்றலுக்கு நீ இரண்டு வருடமாக அனுப்பும் மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார். வயதானவர்கள் அதை நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு நடுக்குவாதம் போலவே வருமாம். உடனே நிறுத்தச் சொன்னார். தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், முழுக்கச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

உனக்கு என்ன தெரியும்? நல்லது என்றுதானே அனுப்பினாய். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் இவள் நிறுத்த மாட்டேன் என்கிறாள். "அங்க யாரோ பெத்த கெழவியக் குளிப்பாட்டி விட்டுக்கிட்டிருக்கா எம் பொண்ணு. எனக்குன்னு அவளால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான். அதுதான் என்னக் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள தாங்குமா? நீங்க வாயத் தொறக்கக் கூடாது, ஆமா" என்று சத்தியம் வாங்கினாள். மாத்திரையை ஒளித்து வைத்தேன். சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். அதட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் நானே எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, மகளே.

சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். நீ சொன்னால் கேட்பாள். "அம்மா, எனக்கு எல்லாம் தெரியும், நான் நன்றாக இருக்கிறேன், இனி அது வேண்டாம்" என்று நீயே அவளிடம் சொல். மாத்திரைக்குப் பதில் ஒரு சால்வையாவது அனுப்பு. ஒன்று மட்டும் கேள். நீ அழுதுகொண்டு கூப்பிட்டால், உன்னைத் தேற்றுவதற்காகவே அவள் இன்னொரு மாத்திரையை விழுங்குவாள். அதனால் முதலில் அழுது முடித்துவிடு. முகம் கழுவிக்கொள். பிறகு கூப்பிடு.

ஆண்டவர் உன்னைக் கைவிடாதிருப்பாராக.

உன் அப்பா,
செம்வங்கா