பெண்களுக்கு மட்டும்

கல்முனை
03.06.2024

அன்புத் தோழி பஹ்மிதா,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் உம்மாவும் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எப்போது எடுத்தாலும் உன் போனில் உன் மாப்பிள்ளை ஹாதிக்தான் கதைக்கிறார். அதனால்தான் நீ படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்கு எழுதுகிறேன். புத்தளம் போனவள் நம்மை மறந்துவிட்டாள் என்று உம்மாவுக்கும் குறை.

ஸ்டூடியோவில் ஒரு தொல்லை. புதுப் பிரிண்டரைக் கம்ப்யூட்டரில் பூட்ட முடியவில்லை. எதைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது. நாம் இருவரும் கடை தொடங்கியபோது இரண்டு கம்ப்யூட்டரையும் பொருத்தித் தந்தவர் அவர்தானே. பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால், “நான் வந்து பாக்கிறன், வேற ஆரும் கை வெக்க வேணாம்” என்கிறார். மூன்று தரம் கேட்டுவிட்டேன்.

பெருநாள் முடிந்ததும் கலியாணங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆண்கள் வாசல் மிதிக்காத கடை என்ற நம்பிக்கையில்தான் பெண்கள் நம்மிடம் முக்காட்டை எடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே வெளி ஆளை எப்படிக் கூப்பிடுவது? நீயே கேட்டு எழுது.

உன் நதீரா

புத்தளம்
12.06.2024

நதீரா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கையெழுத்தைக் கண்டதும் பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். என்னோடு இங்கே படிப்பிக்கிறவள் ஹாதிக்கின் தங்கச்சி. பாடசாலைப் போனில் கதைத்தால் அவள் காதில் விழும். கடிதத்தை மட்டும் தபால்காரர் என் கையில் தருகிறார்.

ஹாதிக்கிடம் பாஸ்வேர்டைக் கேட்டேன். “அவளுக்கு இப்ப என்ன அவசரம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவே இல்லை. பழைய பிரிண்டரில் சமாளித்துக்கொள்.

ஒன்று மட்டும் செய். கடை பூட்டும்போது இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டுப் போ. ஏன் என்று கேட்காதே.

உம்மாவுக்கு என் ஸலாம்.

பஹ்மிதா

கல்முனை
30.06.2024

பஹ்மிதா,

நீ சொன்னபடி வயரைக் கழற்றினேன். வீட்டுக்கு வந்து சேரவில்லை, அதற்குள் ஹாதிக் போன் எடுத்தார். “கடையில லைன் இல்லையா?” புத்தளத்தில் இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு அசர் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் திரும்பினால், மௌஸ் அம்பு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. என் தங்கச்சி சிபானாவின் கலியாணப் படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடையில் வேறு யாரும் இல்லை.

காரைதீவில் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் கிருசிகா டீச்சரை நேற்றுக் கூப்பிட்டேன். கடை என் பெயரில்தான் இருக்கிறதா என்று பதிவைப் பார்த்த பிறகே கை வைத்தா. ஒரு பென் டிரைவைப் போட்டு, அட்மினுக்குப் புதுப் பாஸ்வேர்ட் வைக்க அரை மணித்தியாலம்கூடச் செல்லவில்லை. பிறகு உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தா.

“அக்கா, இதுக்குள்ள இன்னொரு ஆளும் இருந்திருக்கு.”

மூன்று வருடமாக, கடை பூட்டிய பிறகு அன்றன்றைய படங்கள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன. இருநூறுக்கு மேற்பட்ட மணப்பெண்கள். அவை போய்ச் சேர்ந்த இன்டர்நெட் கணக்கு ஹாதிக்கின் பெயரில் இருக்கிறது.

வயரைக் கழற்றச் சொன்னவள் நீ. உனக்கு எப்போதிருந்து தெரியும்?

நதீரா

புத்தளம்
04.07.2024

நதீரா,

போன வருட நோன்பிலிருந்து தெரியும். அவருடைய லேப்டாப்பில் சிபானாவைக் கண்டேன். தலைமுடியை விரித்துவிட்டிருந்தாள். இது என்ன என்று கேட்டேன். கேட்டதற்குக் கிடைத்ததை எழுதமாட்டேன். அன்றைக்குத்தான் போன் அவர் கைக்குப் போனது.

யாரிடமும் சொல்லிவிடாதே. என் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார், நான் எங்கே போவேன்? படங்களை அழித்துவிடு. இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு.

லைன் அறுந்ததிலிருந்து அவர் சோறு சரியாகத் தின்பதில்லை. இன்று சுபஹு தொழுதுவிட்டுக் கல்முனை பஸ்ஸில் ஏறிவிட்டார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அவர் வந்துவிடுவார். தனியே இருக்காதே.

பஹ்மிதா

கல்முனை
09.07.2024

பஹ்மிதா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அவர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். கிருசிகா என்னோடு இருந்தா. கதவுக்கு வெளியே நின்று எப்போதும்போலச் சிரித்தார்.

“மெஷின் ரெண்டையும் தாங்க, திருத்திக் கொண்டாறன்.”

“ரெண்டும் பொலிஸில இரிக்கி” என்றேன். உன் பதிலுக்குக் காத்திருக்காமல் கொடுத்துவிட்டிருந்தேன்.

சிரிப்பு மாறவில்லை. “எண்ட பொண்டாட்டி உங்களுக்கு என்ன எழுதினா?” என்றார். நான் பேசாமல் நின்றேன். “அப்ப எழுதியிரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதவில்லை என்று நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

இன்று பாடசாலைக்குப் போன் எடுத்தேன். அவர் தங்கச்சிதான் எடுத்தாள். “பஹ்மிதா இப்ப வாறல்ல” என்று வைத்துவிட்டாள்.

நீ கிழிக்கச் சொன்னதை நான் கிழிக்கவில்லை. பொலிஸில் கொடுத்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பெண்களுக்காகத்தான் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உன் முகம் ஞாபகம் வந்தது. புத்தளம் பொலிஸுக்கும் அறிவிக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தேன்.

கடையைப் பூட்டிவிட்டேன். முதலில் சிபானாவிடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் முக்காட்டை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள். இன்னும் இருநூறு வீடுகள் ஏறி இறங்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை அவர் தங்கச்சி பிரித்தால் அவளும் வாசிக்கட்டும். நாளைக்குக் காலை என் மாமா பர்ஹானும் நானும் புத்தளத்துக்குப் புறப்படுகிறோம்; இந்தக் கடிதத்துக்கு முன்னே வந்து சேர்ந்தாலும் சேர்வோம்.

ஒரு வருடம் நீ பேசாமல் இருந்தாய். அந்த ஒரு வருடத்தில் எத்தனை பெண்களை என் கமராவுக்கு முன்னால் உட்கார வைத்தேன். அதை உன்னிடம் நேரில் கேட்காமல் விடமாட்டேன். ஆனால் முதலில், நான் கதவைத் தட்டும்போது உள்ளே இருந்து நீ குரல் கொடுக்க வேண்டும்.

நதீரா