பீரங்கி திரும்பும் பக்கம்

நவம்பர் 26, 1978. ஞாயிறு

மழை விட்டது. விறகு இன்னும் ஈரம். சாயப்பட்டறை முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலையாள் கோவிந்தன் அரக்குச் சாயம் போட வேண்டிய அண்டாவில் பச்சையைக் கொட்டிவிட்டான். ஒரு கல்யாணப் புடவைக்கான பட்டு பாழ். நூல் கிளறும் கழியால் முதுகில் ஒன்று போட்டேன். சரோஜா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை இருக்குதுன்னு அடிச்சிகினே இருங்க. ஒரு நாளு எவனாவது திருப்பி அடிப்பான்."

அடிக்கட்டும். பெண்டாட்டி வாயில் நல்ல வார்த்தை வந்து எத்தனை நாள்.

மதியம் பின்கட்டில் மூன்று பேரும். நான், போர்டு எழுதும் லோகு, சேவூர் நடேசன். டிசம்பர் ஏழு கொடி நாள். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, தாசில்தார் வருகிறார். எங்கள் பட்டாள வண்டிகளுக்கு ஒரு வகுப்பறையையே ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. பாக்கி வேலை:

ஜீப் – கண்ணாடி (கழுவிய எக்ஸ்ரே பிலிம்)
லாரி 2 – டயர், பெயின்ட்
ஆம்புலன்ஸ் – சிவப்புக் குறி, லோகு
எதிரி டாங்க் – அடிபட்ட மாதிரி உடைக்க
தாமுவின் டாங்க்

கடைசியது எனக்கு முக்கியம். மற்றதெல்லாம் பொம்மை. என் தம்பி தாமு ஓட்டிய டாங்க் அது. எழுபத்தொன்று சண்டையில் அதற்குள்ளேயே செத்தான். நடேசன் அதே டாங்கில் பீரங்கி சுட்டவன். இரண்டு பேரும் ஒன்றாக வேலூர் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஒருவன் திரும்பி வந்து லேத் பட்டறையில் இருக்கிறான். வந்த அன்றைக்கு அம்மாவிடம் சொன்னான்: "ஒரே குண்டும்மா. ஒரே நொடி. தாமுவுக்கு ஒண்ணுமே தெரியாது." அம்மா ஏழு வருஷமாக அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நானும்தான்.

உடம்பு டால்டா டப்பாத் தகரம். சக்கரத்தைச் சுற்றி ஓடும் பட்டைக்கு சைக்கிள் செயின். சக்கரம் சரிகை சுற்றிவரும் கட்டையை அறுத்தது. பீரங்கிக் குழாய் குடைத்தண்டு. பீரங்கியோடு சேர்ந்து சுற்றும் மேல் கூண்டுக்கு நடேசனே வளையம் கடைந்து தந்தான். வெண்ணெய் போலச் சுற்றுகிறது.

ஒன்று கவனித்தேன். எந்த டாங்கைக் கையில் எடுத்தாலும் நடேசன் முதல் காரியமாக ஒரு விரலால் பீரங்கியை இடது பக்கம் தள்ளிவிடுகிறான். பேசிக்கொண்டே. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரி, தெரியாமலே. நான் நேராக வைக்கிறேன், திரும்பிப் பார்த்தால் கோணல். எரிச்சல்.

நவம்பர் 28. செவ்வாய்

தூறல். பெயின்ட், தின்னர் வாங்க வேலூர். திரும்பும்போது கண்ணமங்கலத்தில் ஏறிய ஒரு ஆள் என் பையை மிதித்தான். உள்ளே தின்னர் பாட்டில். "பாத்து வைய்யா காலை" என்றேன். "பஸ்ஸு இன்னா உங்க அப்பன் வூட்டுதா?" என்றான். அறைந்தேன். அவன் என் சட்டையைக் கிழித்தான். மூக்கில் முட்டினேன், ரத்தம் அவன் வேட்டியில். கண்டக்டர் இரண்டு பேரையும் நடுரோட்டில் இறக்கிவிட்டான். அடுத்த பஸ் வரும்வரை ஒரே புளியமரத்தடியில் இருவரும் நனைந்தோம். அவன்தான் பீடி கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

பாட்டில் உடையவில்லை.

பட்டாளப் பச்சைக்கு லோகுவோடு தகராறு. அவன் கலந்தது வேப்பிலை. நான் கேட்டது சாணி காய்ந்த பச்சை.

டிசம்பர் 1. வெள்ளி

வெயில். பட்டு அவிக்கும் சோப்பு தீர்ந்தது, வாங்கப் போன இடத்தில் கோவிந்தனுக்கு முதுகில் தடவ எண்ணெயும் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், முகத்தைப் பார்க்கவில்லை.

எதிரி டாங்கை உடைத்தோம். தீபாவளியில் மிஞ்சிய அணுகுண்டு வெடி இரண்டை உள்ளே வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, கொல்லையில். லோகு அதற்குள் களிமண்ணில் நாலு ஆட்கள் செய்து உட்காரவைத்திருந்தான். மீசையெல்லாம் போட்டு. நடேசன் குனிந்து ஒவ்வொருவனாக வெளியே எடுத்தான்.

"ஏண்டா, எதிரிதானே?" என்றான் லோகு.

"ஆள எறக்கிட்டு வெடிடா."

திரி பற்றியது. தகரம் வாழைப்பூ மாதிரி விரிந்தது. மேல் கூண்டு பறந்து துளசி மாடத்தில் மோதியது. எனக்கும் லோகுவுக்கும் குதிக்காத குறை. எவ்வளவு தத்ரூபம்! சத்தத்தில் அம்மா சமையலறையில் சொம்பைப் போட்டுவிட்டாள். நடேசன் சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தான். புகை ஒத்துக்கொள்ளவில்லையாம். பட்டாளத்தான் பேச்சைப் பார்.

டிசம்பர் 2. சனி

தாமுவின் டாங்க் முடிந்தது. அம்மாவிடம் காட்டவில்லை. கண்காட்சியில் பார்க்கட்டும்.

பீரங்கி கோணிக்கொண்டு நின்றால் தாசில்தார் முன்னால் மானம் போகும். இரண்டு டியூபைக் கலந்து போடும் பசையை வளையம் முழுக்கத் தடவி, நேர் முன்னால் வைத்து ஒட்டிவிட்டேன். இனி உளி வைத்தாலும் அசையாது. முன்பக்கம் ஓட்டுகிறவன் ஏறி இறங்கும் மூடி இருக்கிறது. குழாய் அதற்கு நேர் மேலே வந்து நிற்பதால் மூடி பாதிக்கு மேல் திறக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது. பார்க்கக் கம்பீரம்.

டிசம்பர் 3. ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன்.

நடேசன் வந்தான். டாங்கை எடுத்தான். விரல் தானாகப் போனது. திரும்பவில்லை. மறுபடி தள்ளினான். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாண்ணா பண்ண?"

"ஒட்டிட்டேன். ஆடிகினே இருந்தா நல்லாவா இருக்குது?"

"பிரி."

"பிரியாதுடா. வைய்யி கீழ."

"ஜல்தி பிரிண்ணா!"

இரண்டு கையாலும் கூண்டை முறுக்கினான். குழாய் வளைந்தது. பிடுங்கினேன், தகர விளிம்பு என் வலது உள்ளங்கையைக் கிழித்தது. கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவன் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக் கம்பியை எடுத்து என் முழங்கையில் வைத்து அழுத்திவிட்டான். சொந்தத் தோல் பொசுங்குகிற வாசனை. லோகு நடுவில் விழுந்தான். பெயின்ட் டப்பா கவிழ்ந்து மூன்று பேரும் பச்சை.

"கொழா மேல நின்னா மூடி தெறக்காதுண்ணா! தெறக்காது! தாமு அடியிலேர்ந்து தட்டிகினே இருந்தான்!"

எல்லாம் நின்றது.

"ஒரே நொடின்னு சொன்னியேடா," என்றேன். "செத்தவன் எப்பிடிடா தட்டுவான்?"

அதற்குப் பிறகு எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. லோகு சொல்கிறான்: நடேசன் தலையைப் பிடித்து அண்டா விளிம்பில் மோதினேனாம். ஒரு பல் தரையில் கிடந்தது, அது ஞாபகம் இருக்கிறது. கோவிந்தன்தான் பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அந்தச் சூட்டுக்குப் பிறகு நடேசன் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லையாம்.

டிசம்பர் 4. திங்கள்

பனி. பட்டறையைத் திறக்கவில்லை. அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியைக் கோணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு சேவூர் போனேன். கொல்லத்தான் போனேன். இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். முகம் பூசணிக்காய். கோணியைப் பார்த்தான். எழுந்து ஓடவில்லை.

"நடுவுல பேசாம கேளுண்ணா. அப்புறம் இன்னா வேணா பண்ணு. பக்கவாட்டுல அடி வாங்கிச்சி வண்டி. ஆபீசர் அங்கயே செத்துப் பூட்டாரு. கரண்டு போச்சி, கூண்டு சுத்தல. கொழா தாமு மூடி மேல நிக்குது. கையால சுத்துற சக்கரம் ஒண்ணு இருக்குது, சுத்திகினே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா நவுரும். சுத்தினேண்ணா. 'சுத்துடா நடேசா, சுத்துடா'ன்னு கீழேர்ந்து கத்துறான். நெருப்பு கால்ல ஏறிச்சி. வுட்டுட்டு மேல எகிறிட்டேன்."

"அப்புறம்?"

"தட்டினான்."

"எவ்ளோ நேரம்?"

"கேக்காதண்ணா."

"எவ்ளோ நேரம்டா?"

"வெளிய மண்ணுல படுத்துகினு கேட்டுகினே இருந்தேன். ரொம்ப நேரம்."

தறிச் சத்தம் அடுத்த வீட்டில். அதுவும் தட்டுகிற சத்தம்தான்.

"எந்தக் கையால சுத்தின?" என்று கேட்டேன்.

வலது கையை நீட்டினான். கிணற்றுக் கட்டை மேல் வைக்கச் சொன்னேன். வைத்தான். அடித்தேன். ஒரே அடி. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். லேத் பிடிக்கிற கை. அவன் கத்தவில்லை, வீட்டுக்குள்ளிருந்து அவன் பெண்டாட்டி கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீ உள்ள போடி," என்றான். "இது எங்களுக்குள்ள."

இன்னொரு அடிக்குக் கம்பியைத் தூக்கினேன். தூக்கியபடியே நின்றேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கம்பி அங்கேயே கிடக்கிறது.

டிசம்பர் 5. செவ்வாய்

அடுப்பைப் பற்றவைத்தேன். இன்று விறகு காய்ந்திருந்தது. நன்றாக எரிந்தது.

கோவிந்தனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, நூல் சுற்றும் ராட்டையை அடுப்பு வாய்க்கு முன்னால் இழுத்துப் போட்டேன். காலை நெருப்புக்கு நேராக நீட்டி உட்கார்ந்தேன். ஒரு கட்டை நிறையச் சுற்ற வேண்டும், அதுவரை எழுந்திருக்கக் கூடாது. தாமு அடியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் குரலையே காதில் வரவழைத்துக்கொண்டேன். "சுத்துண்ணா, சுத்துண்ணா."

சுற்றினேன். கால் ரோமம் பொசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். பாதம் வெந்தது. தம்பி, தம்பி என்று கத்தினேன்.

எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. ராட்டை கவிழ்ந்து கிடக்க, நான் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தேன். கட்டையில் பாதிகூட நூல் ஏறவில்லை.

அழுதேன். வேறு என்ன எழுத.

டிசம்பர் 6. புதன்

நடேசன் கைக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. இரண்டு விரல் மடங்காதாம். லோகு சொன்னான். அம்மா காதுக்கும் போய்விட்டது.

"எதுக்குடா அவன் கைய ஒடச்ச?"

"டாங்க ஒடச்சிட்டான்."

"தகரத்துக்காடா? தாமு உசுரு போற நேரத்துல பக்கத்துல இருந்தவன்டா அவன். உன்ன இன்னான்னு பெத்தேன்?"

விளக்குமாற்றால் அடித்தாள். அம்மா என்னை அடித்து இருபது வருஷமாவது இருக்கும். வாங்கிக்கொண்டேன். நன்றாகவே இருந்தது.

மதியம் டாங்கோடு உட்கார்ந்தேன். கத்தியைக் காய்ச்சிக் காய்ச்சி வளையத்தைச் சுற்றிப் பசையை உருக்கினேன். கூண்டு கையோடு வந்தது. சுரண்டி, எண்ணெய் விட்டு மறுபடி உட்காரவைத்தேன். வளைந்த குழாயை எறிந்துவிட்டு சரோஜா குடையிலிருந்து வேறு. சுற்றுகிறது. இந்தத் தடவை ஒட்டவில்லை. நடேசன் இடத்தில் இருந்திருந்தால் தாமுவை விட்டுவிட்டு நானும் வெளியே குதித்திருப்பேன். லோகுவிடம் சொல்லி அனுப்பினேன்: நாளைக்கு நடேசன் வரவேண்டும்.

டிசம்பர் 7. வியாழன்

நல்ல வெயில். தாசில்தார் வரவில்லை, வேறு யாரோ வந்து ரிப்பன் வெட்டினார். ஜீப் கண்ணாடியை ஏதோ குழந்தை பிய்த்துவிட்டது. லோகுவின் பச்சையை எல்லாரும் மெச்சினார்கள். அவன் மிதப்பு தாங்கவில்லை.

நடேசன் வந்தான். கை கழுத்தில் கட்டிய தூளியில். என்னைப் பார்க்கவில்லை, டாங்கைத்தான் பார்த்தான். பீரங்கி நேராக நின்றது, மூடிக்கு மேலே. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது. "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டேன். தலையாட்டினான்.

அதற்குள் அம்மா, சரோஜா கையைப் பிடித்துக்கொண்டு. புதுப் புடவை. கூட்டம் வழிவிட்டது. டாங்கில் லோகு எழுதியிருந்த தாமு பெயரைத் தடவினாள்.

"எங்கடா ஒக்காந்திருந்தான் எம் புள்ள?"

மூடியைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். நகத்தால் நெம்பினாள். குழாயில் இடித்து நின்றது.

"இது தலைக்கு மேல நிக்குதே. எப்பிடிடா வெளிய வருவான்?"

நடேசன் சுவரில் சாய்ந்துவிட்டான். வாயைத் திறந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று தெரிந்தது.

"திருப்பிக்கலாம்மா," என்றேன் நான். "நடேசா. திருப்பிக் காட்டுடா."

இடது கையை நீட்டினான். விரல் குழாயைத் தொட்டது. தள்ளினான். கூண்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போனது. அம்மா மூடியை முழுக்கத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ சுளுவா திரும்புதே," என்றாள்.